ஊதாமல் வந்த கப்பல்

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
29.12.1971

என் அக்காள் வயிற்றில் பிறந்து, கார் நிக்கோபார் பள்ளிக்கூடத்தில் சிலேட்டுப் படைகளை நடத்தும் ஜெயமணி அம்மையார் அவர்களுக்கு, தாய்மாமன் திருநாவுக்கரசு எழுதிக்கொண்டது.

யாரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று, படகுத்துறையில் எனக்குச் சோறு போடும் டிக்கட் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நான் கண்ணால் கண்டவன் என்பதற்காக நம்பிவிடாதே. சொல்வது நான் என்பதால் துளியும் நம்பாதே. வீட்டில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதை மட்டும் நம்பிக்கொண்டு மேலே படி.

சண்டை வந்த செய்தி உனக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும், உன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விமானப்படைக்காரர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு விளக்கை அணைக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள். பீடி நெருப்பைப் பார்த்து எதிரி குண்டு போட்டுவிடுவான் என்று சொக்கலிங்கம் கண்டிராக்டர் உள்ளங்கைக்குள் பீடியை மறைத்துக் குடித்தார். இப்போது அவருக்குக் கைரேகை கிடையாது. ஜோசியனுக்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

மெயின்லாண்ட் கப்பல் நின்றது. ரேஷன் பாதியாயிற்று, அந்தப் பாதியும் பாதியாயிற்று. மீரான் பாய் கடையில் உப்பும் தீப்பெட்டியும் மட்டும் தங்கின. மனுஷன் தராசைத் துடைத்துத் துடைத்து அது பாதியாக இளைத்துவிட்டது. எங்கள் தெரு நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டு, மனுக் கொடுக்க வரிசையில் நின்றன.

அரிசி இல்லாமலா போயிற்று? இருந்தது. உன் அப்பா, குழந்தைவேலு அத்தான், செயலாளராக இருந்து கட்டிக் காத்த சங்கத்துப் பண்டகசாலையின் பின்னறையில், கூரை வரைக்கும் இருந்தது. அதன் சட்டம் உனக்கு மனப்பாடம். முன்னொரு மழைக்காலத்தில் கப்பல் வராமல் தெருவே கிழங்கு தின்ற வருஷம் அத்தான் போட்ட சட்டம் அது. பின்னறை ஒருநாளும் காலியாக இருக்கக்கூடாது. அடுத்த கப்பல் துறைமுகத்தில் சங்கு ஊதிய பிறகுதான் பூட்டு திறக்கும். பழைய அரிசி வெளியே போகும், புது அரிசி உள்ளே வரும். சங்குச் சத்தம் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் முதலில் ஓடுகிறவள் நீதானே.

சண்டைக் காலத்துக் கப்பல் ஊதாது, மருமகளே. விளக்கும் போடாது. திருடன் மாதிரி வரும். அப்படி ஒரு விடியலில் ஒன்று வந்து நின்றதை முதலில் பார்த்தவன் உன் மாமன். கப்பலா அது! ஹாரியட் மலையை அறுத்து மிதக்கவிட்டது போல இருந்தது. ஜன்னல் ஜன்னலாக அரிசி வழிந்து, கீழே மீன்கள் அதைத் தின்று பெருத்து, கரைக்கு வந்து மோர் கேட்டன. இதை நான் டெய்ரி ஃபார்மில் சொல்லி முடிக்குமுன் தெரு முழுக்க எழுந்துவிட்டது.

அறுபதாயிரம் பேர் பண்டகசாலை முன்னால் நின்றோம். உன் அப்பா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஊதிச்சா?”

“கப்பல் கண்ணு முன்னாடி நிக்குது அத்தான்” என்றேன்.

“ஊதட்டும். தொறக்கிறேன்.”

சொக்கலிங்கம் ஒரு எண்ணெய் டின் மேல் ஏறினார். தமிழில்தான் தொடங்கினார். வங்காளியும் தெலுங்கனும் மலையாளியும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு “தாலா தோடோ!” என்றார். பூட்டை உடை என்பது எல்லா வயிற்றுக்கும் புரிந்தது. நம் தீவில் புரட்சியைக்கூட இந்தியில்தான் நடத்த வேண்டியிருக்கிறது.

பூட்டு உடைந்தது. செயலாளர் வீட்டில் பதுக்கல் இருக்கிறதா என்று சேனை உன் வீட்டுக்குள்ளும் புகுந்தது. உன் அம்மா, என் அக்காள் அன்னம்மாள், அறுபதாயிரம் பேருக்கும் ஒரே சட்டி மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்காட்டி, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். தின்றவன் எல்லாம் ஏப்பம் விட்டதில் நம் கூரை ரோஸ் தீவில் போய் விழுந்தது.

அன்று சாயங்காலமே பழைய நிர்வாகம் ஒழிந்தது. உன் அப்பா பேரைச் சங்கத்திலிருந்து அடித்தார்கள். சொக்கலிங்கம் செயலாளர். தலைவராக யாரைப் போடுவது என்று தேடி, எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஒருவனைத் தோளில் தூக்கினார்கள். தலை மேகத்தில் இடித்து இன்னும் வீங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
டெய்ரி ஃபார்ம் சக்கரவர்த்தி
திருநாவுக்கரசு


கார் நிக்கோபார்
21.1.1972

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து, மீன் மோர் கேட்ட இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அதே கப்பலில் அம்மாவின் கடிதமும் வந்தது. நாலைந்து வரிதான். அப்பா வெளியே வருவதில்லையாம். தண்ணீர் பிடிக்கக்கூட அம்மாதான் போகிறாளாம். வாசல் கதவில் யாரோ கரியால் ‘சோர்’ என்று எழுதியிருக்கிறார்களாம். அதை அழிக்கவும் அப்பா விடவில்லையாம். திருடன் என்று எழுதியவனே வந்து அழிக்கட்டும் என்கிறாராம். நீங்கள் எழுதிய நீளமான கடிதத்தில் இந்தக் கதவு இல்லை.

உங்கள் கப்பலைப் பற்றி இங்கே விசாரித்தேன். என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் வீட்டுக்காரர் விமானப்படையில் இருக்கிறார். அந்தக் கப்பலில் வந்தது எண்ணெய்ப் பீப்பாயும் மருந்தும் கம்பிச் சுருளும்தான், அரிசி பேருக்குத்தான் என்றார். ஜன்னல் வழியாக வழிந்தது எந்த அரிசி மாமா? அதைச் சொல்லித்தானே தெருவை எழுப்பினீர்கள்?

அப்பா பிடிவாதக்காரர். கப்பல் கண்ணுக்குத் தெரிந்தும் சங்குக்குக் காத்திருந்தது பைத்தியக்காரத்தனம். அதை அவர் முகத்துக்கு நேரே நான் சொல்லுவேன். குழந்தைகள் பசியில் அழும்போது சட்டம் பேசக்கூடாது என்றும் சொல்லுவேன். ஆனால் அவர் திருடவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பூட்டை உடைத்தபோது பின்னறையில் இருக்க வேண்டிய அரிசி இருந்ததா, குறைந்திருந்ததா? இருந்தது என்றால், தலைவராகிய நீங்கள் அதைப் பொதுக்கூட்டத்தில் சொல்லுங்கள். வேறு யார் சொன்னாலும் பயனில்லை. நான் சொன்னால் மகள் பேச்சு.

ஜெயமணி


டெய்ரி ஃபார்ம்
14.2.1972

சிலேட்டு ராணிக்கு,

நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். நானும் கூண்டில் ஏறிப் பதில் சொல்கிறேன். கூண்டின் கம்பி மட்டும் கொஞ்சம் வளையும்.

முதலில் என் ராஜ்ஜியத்தின் சிறப்பைக் கேள். ஆட்சிக்கு வந்ததும் முதல் உத்தரவாகப் பின்னறை அரிசி முழுவதையும் ஒரே நாளில் பங்கிட்டோம். அன்று டெய்ரி ஃபார்மில் காக்கைக்கு அஜீரணம். டெலானிபூர் மேட்டில் இருக்கும் குவார்ட்டர்ஸ்காரர்கள் எங்கள் சோற்றுப் புகையை மழைமேகம் என்று நினைத்துத் துணியை எடுத்து உள்ளே வைத்தார்கள். என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் “ஜிந்தாபாத்” என்றார்கள். நான் மூக்குச் சிந்தினாலும் ஜிந்தாபாத். இப்போது அந்த அறையில் சுதந்திரத்தை வைத்திருக்கிறோம். அதிகம் இடம் பிடிக்கவில்லை. எலிகள்தான் குறை சொல்கின்றன.

உன் கேள்விக்கு வருகிறேன். வராமல் இருக்க மூன்று முறை இந்தக் கடிதத்தைக் கிழித்தேன்.

இருந்தது. இருக்க வேண்டியது எல்லாம் இருந்தது. பூட்டு உடைந்ததும் உள்ளே போனவர்கள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த மூட்டைகளை எல்லாரும் பார்த்தோம். அதைச் சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்பாய். சொக்கலிங்கத்திடம் போய் ஜாடையாகப் பேசிப் பார்த்தேன். மனுஷன் கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

“குழந்தைவேலு திருடன் இல்லேன்னா, பூட்ட உடைச்ச நாம யாரு?”

பசியில் செய்தது என்று சொல்லலாம். ஆனால் பசியில் செய்தவன் சாப்பிட்டதும் வெட்கப்படுவான். திருடனைப் பிடித்தவனுக்கு மாலை போடுவார்கள். தெரு முழுக்க மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, ஜெயமணி. ஒருத்தனும் கழற்ற மாட்டேன் என்கிறான். என் கழுத்திலும் ஒன்று கிடக்கிறது.

கொஞ்ச நாள் போகட்டும். ஜனங்களுக்கு மறதி வரும். வந்ததும் அத்தான் பேரை நைசாகச் சேர்த்துவிடலாம்.

அக்காள் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தாள். அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் சொன்ன நகைச்சுவைக்குச் சுவர்தான் சிரித்தது.

மாமன்


கார் நிக்கோபார்
20.3.1972

அப்பா எழுதியிருக்கிறார். எனக்கு அவர் எழுதிய முதல் கடிதம் இதுதான். கார் நிக்கோபாருக்கு வந்து இத்தனை காலம் அம்மாதான் எழுதுவாள், அவர் ஓரத்தில் ‘நலம்’ என்று போடுவார்.

மெயின்லாண்டுக்கே போய்விடுகிறாராம். அம்மாவும். மழைக்கு முன் கிளம்பும் கப்பலில் பெர்த்துக்குச் சொல்லி வைத்தாயிற்றாம். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். ஒருவரும் இல்லை என்று அவருக்கும் தெரியும். பரமக்குடியில் இருந்த வீட்டை விற்றுத்தான் என்னைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு இந்தத் தீவுக்குக் கப்பல் ஏறினார்.

கடைசி வரி இது, அவர் எழுத்தில்: “சங்கத்தில் என் பேரைத் திரும்ப எழுதி, நான் எடுக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் ஒருவன் சொன்னால் இருந்துகொள்வேன். இல்லாவிட்டால் இந்தத் தெருவில் செத்தாலும் திருடன் செத்தான் என்பார்கள்.”

ஜனங்களுக்கு மறதி வரட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு வராதே.

எனக்குப் பரீட்சை முடியும்வரை லீவு கிடையாது. முடிந்தாலும் தீவுக் கப்பல் கிடைக்க வேண்டும். டெய்ரி ஃபார்மில் அப்பாவுக்காகப் பேச இருப்பது நீங்கள் ஒருவர்தான். ‘அன்புள்ள மாமா’ என்று தொடங்கக் கை வரவில்லை. மன்னிக்க வேண்டியதில்லை.

ஜெயமணி


டெய்ரி ஃபார்ம்
2.5.1972

ஜெயமணி,

இந்தத் தடவை அண்டப் புளுகு எதுவும் வேண்டாம் என்று உட்கார்ந்தேன். உண்மையே அதைவிடப் பெரிதாக வந்து முன்னால் நிற்கிறது. நான் என்ன செய்ய?

சண்டை முடிந்து நாளாயிற்று. கறுப்புத் தாளைக் கிழித்தாயிற்று. சமாதான காலத்தில் கப்பல் ரிப்பேராகிவிட்டது. இயந்திரக் கோளாறாம், மெட்ராஸிலேயே நிற்கிறது. ரேஷன் மறுபடி பாதி, பாதியில் பாதி. பின்னறையில் நான் முன்னே எழுதிய அந்தச் சுதந்திரம் இருக்கிறது. அதை வேகவைத்தால் வேகவில்லை.

ஜனங்கள் பண்டகசாலை முன்னால் நிற்கத் தொடங்கினார்கள். அத்தான் போட்ட சட்டத்துக்கு என்ன பொருள் என்று அன்றைக்குத்தான் எனக்கு வயிற்றோடு புரிந்தது. அவர் காத்தது அன்றைய பசிக்கு அல்ல, இதற்கு.

சொக்கலிங்கம் என்ன செய்தார் தெரியுமா? கொல்லனிடம் சொல்லி ஒரு பூட்டு அடித்து வாங்கினார். பழைய பூட்டைப் போல இரண்டு மடங்கு. அதைக் காலி அறையில் மாட்டினார். எதற்கய்யா என்றேன்.

“பூட்டு பெருசா இருந்தா, நடுவுல வந்த கப்பல் அரிசி உள்ள இருக்குன்னு நம்புவான். நம்பினா ரெண்டு நாள் பொறுப்பான்” என்றார்.

பொறுத்தார்கள். இரண்டு நாள் அல்ல, அதற்கு மேலேயும். மூன்றாவது வாரம் பூட்டையே முறைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தச் சாவி தலைவர் என்ற முறையில் என் இடுப்பில் தொங்குகிறது. தெருவில் நடந்தால் கலகலக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். மீரான் பாய் மட்டும் கடைக்குள் கூப்பிட்டு, “திருநாவு பாய், சாவியைக் கழட்டிக் கடல்ல போட்டுடுங்க. அடுத்தது உங்க கதவுதான்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பொதுக்கூட்டம் கேட்கிறார்கள். கேட்கச் சொல்லித் தெருத் தெருவாகத் தூண்டுகிறவர் சொக்கலிங்கம்தான் என்று கேள்வி. நடக்கட்டும். கப்பல் ரிப்பேர் முடிந்து இந்த மாசக் கடைசியில் கிளம்புமாம். அது வந்து திரும்பும்போதுதான் உன் அப்பா ஏறுவார். அதற்கு முன்னால் கூட்டம்.

பேசுகிறேன். என் நாற்காலி போனாலும் பேசுகிறேன்.

மாமன்


கார் நிக்கோபார்
19.5.1972

மாமா,

பேசுங்கள். ஆனால் மலையை அறுக்க வேண்டாம், மீனுக்கு மோர் கொடுக்க வேண்டாம். அறுபதாயிரம் பேரையும் கூப்பிட வேண்டாம். ஒரு தடவையாவது, நடந்ததை நடந்தபடி நடந்த அளவுக்குச் சொல்லுங்கள். அப்பாவுக்கு அது போதும்.

ஜெயமணி


டெய்ரி ஃபார்ம்
11.6.1972

ஜெயமணி,

சங்கக் கொட்டகையில் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் நூறு பேருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். பார், சரியாகச் சொல்கிறேன்.

அக்காள் பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் உள்ளே வரவில்லை. கொட்டகைக்கு வெளியே, தட்டிக்கு அந்தப் பக்கம், காது கேட்கிற தூரத்தில் நின்றார். அவர் வேட்டி தட்டியின் கீழே தெரிந்தது.

நான் எழுந்தேன். நீ சொன்னபடியே பேசினேன். கையை ஆட்டவில்லை, குரலை ஏற்றவில்லை.

“குழந்தைவேலு அத்தான் ஒரு மணி அரிசி எடுக்கல. பின்னறையில அத்தனையும் இருந்தது, எல்லாரும் பாத்தோம். வீட்டுக்குள்ள போனோம். அடுப்புல கிழங்குதான் இருந்தது. அதையும் எல்லாரும் பாத்தோம்.”

அவ்வளவுதான் பேசினேன். எல்லார் கண்ணும் என் மேல் இருந்தது. ஒரு கணம், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அவர்கள் மிச்சத்துக்குக் காத்திருக்கிறார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்:

“அப்புறம் என்னாச்சு திருநாவு? கிழங்கு பறந்துச்சா?”

ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர். பிறகு கொட்டகை முழுக்க. பசியில் வாடிய முகங்கள் எல்லாம், பாவம், வாய்விட்டுச் சிரித்தன. நிஜம்தான் சொல்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சத்தியம் என்றேன். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீரான் பாய் ஒருவர்தான் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பித் தட்டியின் கீழே பார்த்தேன். வேட்டி நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

சிரித்து ஓய்ந்ததும் சொக்கலிங்கம் எழுந்தார். தலைவர் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டார், நல்லது, இப்போது சாவியைக் கொடுத்துப் பின்னறையைத் திறந்து காட்டட்டும் என்றார். அறை காலி என்று அவருக்குத் தெரியாதா? நான் சாவியை எடுப்பதற்குள் “தாலா தோடோ!” என்ற கூச்சல் கிளம்பிவிட்டது. பெரிய பூட்டு, பெரிய சத்தத்தோடு உடைந்தது. உள்ளே எலிப்புழுக்கை. அவ்வளவு பெரிய பூட்டைப் போட்டவன் அத்தனையையும் தின்றிருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. பூட்டு வாங்கியவர் முதல் ஆளாக என்னைச் சுட்டிக்காட்டினார்.

சொக்கலிங்கம்தான் இப்போது தலைவர். அவருக்கும் மாலை போட்டார்கள். என் பேரை அடித்தார்கள். விடிந்து கதவைத் திறந்தால் ‘சோர்’ என்று இருந்தது. உன் வீட்டுக் கதவில் எழுதிய அதே கை, ஜெயமணி. கடைசி எழுத்தின் வாலை அப்படியே இழுத்திருக்கிறான். நானும் அழிக்கவில்லை.

உன் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நான்தான் துறைமுகம் வரைக்கும் பெட்டியைத் தூக்கினேன். அத்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடு என்றும் சொல்லவில்லை. அக்காள் என் சட்டைப் பையில் தன் வீட்டுச் சாவியைப் போட்டாள். நீ வந்தால் கொடுக்கச் சொன்னாள்.

ஏணியில் ஏறும்போது கப்பல் சங்கு ஊதியது. சண்டை இல்லாத காலத்துச் சங்கு, மலைக்கு மலை எதிரொலித்தது. அத்தான் பாதி ஏணியில் நின்றார். கை இடுப்புக்குப் போயிற்று. அங்கே சாவிக்கொத்து இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். டிசம்பருக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

“ஊதிட்டான். தொறந்து குடுத்துடு.”

ஏறிப் போய்விட்டார்.

கூட்டத்தில் நீ இருந்திருந்தால் நம்பியிருப்பாயா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. என் வாயில் இத்தனை வருஷம் யானையும் மலையும் ஏறி இறங்கியதில் நிஜம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. நான் உனக்கு எழுதியதில் பாதியைத் தள்ளு. முதல் கடிதத்தை முழுசாகவே தள்ளிவிடு. மலை பொய், மீன் பொய், அறுபதாயிரம் பொய், கூரை பறந்தது பொய்.

சட்டி மட்டும் நிஜம். சின்னச் சட்டி. உன் அம்மாவே மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே இரண்டு துண்டுக் கிழங்கு கிடந்தது. “சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள். ஒருவரும் சாப்பிடவில்லை.

திருநாவுக்கரசு